1972 புல்லட்: எதைக் காப்பது, எதை மாற்றுவது? ஒரு நிகழ்வு ஆய்வு

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டு வண்டி இது. என்ஃபீல்டு புல்லட், 350 சிசி, 6 வோல்ட், வலது காலில் கியர். 1972-இல் அவருடைய அப்பா புதிதாக எடுத்தது. அப்பா காலமான பிறகு களத்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருஷம் நின்றுவிட்டது. அதை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது நண்பர் என்னைக் கூப்பிட்டார். பழைய வண்டிகளுக்குப் பாகமும் பேப்பரும் தேடித் தருவது என் வழக்கம். வேலை முடியும்வரை கூடவே இருந்து குறிப்பெடுத்தேன்.

அவர் கேட்டது இரண்டு. அப்பா ஓட்டிய வண்டி அப்பா ஓட்டிய வண்டியாகவே இருக்க வேண்டும். அப்புறம், அதைத் தோப்புக்கும் டவுனுக்கும் ஓட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வால்பாறை ஏற வேண்டும். இந்த இரண்டு ஆசையும் மோதிக்கொண்ட ஒவ்வொரு இடத்திலும் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதுதான் இந்தப் பதிவு. பழைய வண்டி பற்றிய பதிவுகள் பெரும்பாலும் துருப்பிடித்த படம் ஒன்று, பளபளக்கும் படம் ஒன்று என்று முடிந்துவிடுகின்றன. நடுவில் எடுத்த முடிவுகளைச் சொன்னால்தான் அடுத்து இதே வேலையில் இறங்குகிறவருக்கு உதவும்.

உதிரிபாகம் கிடைப்பதே ஒரு சிக்கல்

இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ரெட்டிச் ஆலையில் 1949-இல் உருவான வடிவம்தான் நம்மூர் புல்லட்டுக்கு மூலம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் இங்கே பூட்டினார்கள், பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடிய பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி கொண்ட அந்த இரும்பு சிலிண்டர் என்ஜின் 2000களின் இறுதிவரை பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது.

இது வரம்போல் தோன்றும். ஒரு வகையில் வரம்தான். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் 1996-இல் ஆலை நின்ற பிறகு ஒரு சின்ன பாகத்துக்கு எத்தனை ஊர் அலைந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். புல்லட்டுக்கு அந்த அலைச்சல் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டால் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் கேட்டால் பழையது கிடைக்கும்.

ஆனால் 1995-இல் செய்த பாகம் 1972 வண்டியில் பொருந்திவிடுவதால், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கலவையாகிவிடுகிறது. ஒரு தடவை மட்கார்டு, ஒரு தடவை ஹப், ஒரு தடவை கார்புரேட்டர். யாரும் தப்பாக எதுவும் செய்திருக்க மாட்டார்கள். முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் ஆர்.சி.யில் மட்டும் 1972 இருக்கும். புல்லட்டில் 'ஒரிஜினல்' என்பதைக் கண்டுபிடிப்பது அதனாலேயே கஷ்டம்.

இந்த வண்டி ஒரே வீட்டில் இருந்ததால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். எதை எப்போது மாற்றினார்கள் என்று நண்பரின் அம்மாவுக்குப் பாதி ஞாபகம் இருந்தது. மீதியை வண்டியே காட்டியது.

கை வைப்பதற்கு முன்

பட்டறைக்கு வண்டி வந்ததும் முதலில் படம் எடுத்தோம். ஒவ்வொரு நட்டு போல்ட்டும் இருந்த இடம், வயர் போன பாதை, கேபிள் எந்தப் பக்கம் வளைந்தது என்பது வரைக்கும். பிறகு எண்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போயின. என்ஜின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மங்கியிருந்தன. முன்பு எப்போதோ யாரோ கிராங்க் கேஸை பஃபிங் சக்கரத்தில் வைத்து மினுக்கியிருக்கிறார்கள். இன்னொரு தடவை அதே சக்கரம் பட்டிருந்தால் அந்த எண் போயிருக்கும்.

அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்த பிறகுதான் எங்கள் வேலையின் விதி தெளிவானது. ஒரிஜினலுக்கு எதிரி 12 வோல்ட் பேட்டரி என்றுதான் பழைய வண்டிக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் போல்ட்டைக் கழற்றி மாற்றிய எதையும் மறுபடி போல்ட்டைக் கழற்றி பழையபடி வைத்துவிடலாம். அரைத்ததை, துளைத்ததை, மணல் அடித்ததை, சுரண்டியதை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. 'ஷோரூம் கண்டிஷன்' என்ற பெயரில் செய்யும் வேலைகளில்தான் இந்த நான்கும் நடக்கின்றன. தினசரி ஓட்டத்துக்காகச் செய்யும் மாற்றத்தைவிடக் கண்காட்சிக்காகச் செய்யும் மினுக்கல்தான் பழைய வண்டிகளை அதிகம் அழித்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது. பாதுகாப்புக்காகவோ பயன்பாட்டுக்காகவோ மாற்றம் தேவைப்பட்டால் அது குறைவாக இருக்கட்டும், திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய பாகத்தை வண்டியோடு பத்திரப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். நண்பர் உடனே ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னார். கழற்றி மாற்றிய ஒவ்வொரு பாகமும், எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிய சீட்டோடு அந்தப் பெட்டிக்குப் போனது.

பிரேக்

முன் சக்கரத்தில் இருந்தது 6 அங்குல டிரம், ஒரு லீடிங் ஷூ. அதாவது டிரம் சுற்றும் திசையில் இழுபட்டு அழுந்தும் ஷூ ஒன்றுதான். தோப்புக்கும் டவுனுக்கும் அது போதும். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது பயமில்லை. இறங்கும்போது டிரம் சூடாகி விரியும், ஷூ சறுக்க ஆரம்பிக்கும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வரும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு அந்த நிலைமைக்குப் போகக் கூடாது.

முதலில் இருப்பதையே சரி செய்து பார்த்தோம். டிரம்மை லேத்தில் மிக மெல்லிசாகச் சீவி வட்டம் எடுத்தோம். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்குத் தேய்த்து உட்கார வைத்தோம். புதுக் கேபிள் போட்டோம். பழைய பிரேக்கின் குறை பாதி இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டிரம் பிரேக் என்றாலே உதவாது என்கிறவர்களில் பலர் ஒழுங்காக உட்கார்ந்த டிரம் பிரேக்கை ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ஆனாலும் மலைக்கு அது போதவில்லை. பிந்தைய புல்லட்டில் வந்த 7 அங்குல ட்வின் லீடிங் ஷூ பிரேக்கை முழுசாக எடுத்தோம். அதில் இரண்டு ஷூவும் டிரம் சுற்றும் திசையிலேயே இழுபட்டு அழுந்துவதால் அதே கை பலத்துக்கு நல்ல பிடி கிடைக்கும். ஒரு விஷயத்தை ஓட்டுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்னால் உருள ஆரம்பித்தால் இந்த பிரேக்கின் பிடி குறைந்துவிடும். அங்கே பின் பிரேக்தான். ஹப், பிளேட், அதைத் தாங்கும் ஃபோர்க் கால் எல்லாம் சேர்த்தே மாற்றினோம். பழைய சக்கரம் டயரோடு ஷெட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதே காலத்து வண்டியாகத்தான் தெரியும். டிஸ்க் போடலாம் என்று நண்பரின் மகன் சொன்னார். அதற்கு ஃபோர்க்கிலேயே வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது, அதனால் வேண்டாம் என்றோம்.

மின்சாரம்: எங்கே விட்டுக்கொடுத்தோம், எங்கே பிடிவாதம் பிடித்தோம்

இதில்தான் அதிக விவாதம் நடந்தது.

மெக்கானிக் முதல் நாளே 12 வோல்ட்டுக்குப் போய்விடலாம் என்றார். நான் அளந்து பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் 6-க்கு மேல் இருந்தது, ஹெட்லைட் பல்பின் முனையில் 5-ஐக்கூடத் தொடவில்லை. வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. டிப் சுவிட்சின் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் கவசத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே துருவும் பழைய பெயிண்ட்டும் சேர்ந்து எர்த்தை மறித்திருந்தன. வயரின் உறை மொறுமொறுவென்று உடைந்தது. கொஞ்சம் தடிமனான செம்பு வயரில் புது ஹார்னஸ் கட்டி, ஒவ்வொரு எர்த் முனையையும் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கியதும் அதே 6 வோல்ட்டில் வெளிச்சம் ஏறிவிட்டது.

அப்படியே விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் கடைதான். நல்ல 6 வோல்ட் பேட்டரியும் ஹெட்லைட் பல்பும் உடுமலையில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிடைக்காது. வாரக்கணக்கில் பார்சலுக்குக் காத்திருக்கும் வண்டியைத் தினசரி வண்டி என்று சொல்ல முடியாது. கணக்கும் 12 வோல்ட்டுக்குச் சாதகம். 30 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும், 12-இல் இரண்டரை போதும். கரண்ட் பாதியானால் வயரில் வீணாவது கால் பங்காகிவிடும்.

அதனால் பிரைமரி செயின் கேஸுக்குள் இருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை, பிந்தைய 12 வோல்ட் புல்லட்டின் பாகமாக மாற்றினோம். ரெகுலேட்டர் டூல் பாக்ஸுக்குள் ஒளிந்துகொண்டது. காயில், ஹாரன், பல்புகள் மாறின. முகப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன பைலட் விளக்குகளின் கண்ணாடியும் வளையமும் அதே பழையவை. உள்ளே பல்பு மட்டும் புதிது. பழைய ஆல்டர்னேட்டர் மரப்பெட்டியில்.

மகன் அடுத்த படிக்குப் போனார். காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் டைமிங் தள்ளாது, பாயிண்ட் தேயாது, ஸ்டார்ட்டிங்கும் சுலபம். அவர் சொன்னது எதுவும் தப்பில்லை. மெக்கானிக் மறுத்தார்.

"பாயிண்ட்டு நடுரோட்டுல நின்னாலும் உப்புத்தாள் வெச்சுத் தேச்சு வீடு வந்து சேந்தரலாமுங் தம்பி. அந்தப் பொட்டி போச்சுன்னா டெம்போதான் புடிக்கோணும்."

நானும் அவர் பக்கம்தான், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புல்லட்டை ஸ்டார்ட் செய்யும் முறையே பாயிண்ட்டோடு கட்டுண்டது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, பாயிண்ட் மூடியிருந்தால் காயிலுக்குக் கரண்ட் போகும், ஆம்ப் மீட்டரின் முள் இடது பக்கம் சாயும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பாயிண்ட் திறக்கும், முள் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு எடையோடு ஓர் உதை. அந்த ஆம்ப் மீட்டர் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பாயிண்ட்டை எடுத்துவிட்டால் முள்ளைப் பார்த்து உதைக்கும் இந்தப் பழக்கமும் போய்விடும், கண்ணை மூடிக்கொண்டு உதைத்துக் கணுக்காலில் திருப்பி அடி வாங்க வேண்டியதுதான். இந்த இடத்தில் ஒரிஜினல்தான் சுலபம்.

பாயிண்ட்டின் இடைவெளி 14-லிருந்து 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறக்குறைய 0.35–0.40 மி.மீ. அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும், பாயிண்ட்டில் தீப்பொறி தாவாமல் காக்கும் கண்டன்ஸர் ஒன்று தயார் நிலையிலும் இப்போது டூல் பாக்ஸில் இருக்கின்றன. இன்று விற்கும் கண்டன்ஸர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாகின்றன. பாயிண்ட் மேல் வரும் புகாரில் பெரும்பங்கு உண்மையில் கண்டன்ஸர் மேல் வர வேண்டியது.

இண்டிகேட்டர் 1972 வண்டியில் கிடையாது, கைதான் சைகை. இன்றைய பொள்ளாச்சி சாலையில் கையை நீட்டினால் பின்னால் வரும் லாரிக்காரருக்குப் புரியும் என்று நம்பி ஓட்ட முடியாது. பட்டறைப் பையன் பின் மட்கார்டில் துளை போட டிரில்லிங் மெஷினை எடுத்துவிட்டார், பிட் தகரத்தைத் தொடும் நேரத்தில் நண்பர் கையைப் பிடித்துவிட்டார். கடைசியில் சீட்டுக்குக் கீழே குழாயில் கிளாம்ப் போட்டுப் பூட்டினோம், முன்னால் ஃபோர்க்கில் கிளாம்ப். இரண்டு ஸ்பேனர் வேலை, கழற்றினால் தடம் தெரியாது. இந்த மட்கார்டு திருவொற்றியூரில் அடித்த மட்கார்டு. சும்மா இரண்டு விளக்குக்காக அதில் ஓட்டை போட எனக்கு மனசு வராது.

என்ஜினுக்குள்

கிராங்க் கேஸைத் திறந்தபோது பிக் எண்டில் ஆட்டம் இருந்தது. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனைதான் பிக் எண்ட். இந்த என்ஜினில் அங்கே உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் எண்ணெய்ப் படலம், நடுவில் புஷ் தானாகச் சுற்றிக்கொள்ளும். மெதுவான ஓட்டத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் எண்ணெய் சுத்தமாகவும் தடையில்லாமலும் வர வேண்டும். நாற்கர சாலையில் மணிக்கணக்கில் முறுக்கி ஓட்டினால் புஷ் தாங்காது. அதனாலேயே இன்று பலரும் நீடில் ரோலர் ராடுக்கு மாறிவிடுகிறார்கள்.

இரண்டுமே திரும்ப மாற்றக்கூடியவை, இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. அப்போது வண்டி எப்படி ஓடப் போகிறது என்பதுதான் கேள்வி. நண்பர் 60-க்கு மேல் போகமாட்டார், அவர் அப்பாவும் போனதில்லை. புஷ்ஷையே புதிதாகப் போட்டோம். கோயம்புத்தூரில் ஒரு லேத்தில் கிராங்க்கைச் சேர்த்து நேர் பார்த்து வாங்கினோம். எண்ணெய் பம்பின் டிஸ்க் முகங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் தேய்த்துத் தட்டையாக்கினோம், அதில் கசிவு இருந்தால் புஷ் புதிதாக இருந்து என்ன பயன்? தினம் நெடுஞ்சாலையில் 80-இல் போகிறவர் என்னிடம் கேட்டால் ரோலர் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சிலிண்டர் விஷயத்தில் அவசரப்படவில்லை. போர் போட்டுவிட்டால், அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கிவிட்டால், அந்த இரும்பு திரும்பி வராது, ஒவ்வொரு ஓவர்சைஸும் ஒரு படி குறைவு. அளந்ததில் தேய்மானம் வரம்புக்குள் இருந்ததால் உள்சுவரை மேலாக உரசும் ஹோனிங் மட்டும் செய்து புது ரிங் போட்டோம்.

டேங்கும் இன்றைய பெட்ரோலும்

1972-இல் இந்த டேங்கில் ஊற்றிய பெட்ரோல் இன்று கிடையாது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும், அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். பழைய ரப்பரையும் அது ஊதவைத்துப் பிசுபிசுக்கச் செய்யும்.

டேங்குக்குள் எபாக்ஸி பூச்சு ஊற்றிவிடலாம் என்று யோசனை வந்தது. சில பூச்சுகளை எத்தனால் நாளடைவில் உரித்துவிடும், உரிந்த தோல் பெட்ரோல் டேப்பை அடைக்கும், மிச்சத்தைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. சிட்ரிக் அமிலக் கரைசலை ஊறவைத்துத் துருவை எடுத்தோம். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, உள்ளே எண்ணெய் சுழற்றினோம். பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினோம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) கலவை மெலிந்து என்ஜின் சூடானது, மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றியதும் ஸ்பார்க் பிளக்கின் நிறம் சரியானது. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க் நிறைய வைக்க வேண்டும், மாதக்கணக்கில் என்றால் வடித்துவிட வேண்டும்.

டேங்கின் வெளிப்புறம் இன்னொரு கதை. வண்டி அரக்கு நிறத்தில் இருந்தது. டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் கருப்பு. நண்பரின் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்ததாக அம்மா சொன்னார். "அப்பா எடுக்கறப்ப கருப்புத்தான். தங்கக் கோடு போட்டிருக்கும்."

டேங்கின் ஓரத்தில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தோம். அரக்கு கரைந்து சாம்பல் நிறம் வந்தது. அதன் கீழே கருப்பு. இன்னும் கொஞ்சம் போனதும் ஒரு மெல்லிய மஞ்சள் கீற்று. திருவொற்றியூரில் டேங்கின் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள். நுனியில் ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தடித்து, வளைவில் மெலிந்து போகும் கோடு அது, ஸ்டிக்கரில் அது வராது. பெயிண்டர் ஒருவரும் மகனும் மாறி மாறி உட்கார்ந்து மேல் பெயிண்ட்டை மட்டும் எடுத்தார்கள். இடது பக்கக் கோடு ஏறக்குறைய முழுசாக வந்துவிட்டது. வலது பக்கம் முழங்கால் படும் இடத்தில் பாதி இல்லை. அதைப் புதிதாக வரையவில்லை. மெழுகு மட்டும் போட்டோம்.

சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு செலவு செய்து புதுசு மாதிரி இல்லையே என்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் கையில் பிடித்த தூரிகையின் கோடு அங்கே இருக்கும்போது, அதன் மேல் இன்னொரு முறை ஸ்ப்ரே அடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் ஆர்.டி.ஓ. அந்தப் பூச்சு கனமானது, அடித்த எண்ணின் பள்ளத்தை நிரப்பிவிடும். எஃப்.சி.க்குப் போகும்போது தாள் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட்டில் எண் விழாவிட்டால் அலைய வேண்டியதுதான். பிரஷ் வைத்துத் துரு எடுத்து, சாதாரண கருப்பு எனாமல் அடித்தோம். சைலன்ஸர் அதே நீள சைலன்ஸர். சத்தக் குழாய் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை.

வலது கால் கியர்

மேலே ஒன்று, கீழே மூன்று, எல்லாம் வலது காலில். பின் பிரேக் இடது காலில். மகன் ஓட்டப் பழகியதெல்லாம் நேர் எதிர். அவசரத்தில் பிரேக் என்று நினைத்து வலது காலை மிதித்தால் கியர் விழும், வண்டி நிற்காது. இது அழகு பற்றிய கேள்வி இல்லை. இடது பக்கத்துக்கு மாற்றும் இணைப்புகள் கிடைக்கின்றன, பெட்டியைத் திறந்து பிந்தைய பாகங்களைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நண்பர் மறுத்தார். அவருக்கு அந்தக் கியர்தான் அப்பாவின் வண்டி. நான் சொன்னது, ஓட்டப் போகிறவர் யார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள் என்பதுதான். மகன் தேங்காய்க் களத்தில் காலி இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகினார். கால் தானாகப் போகும்வரை ரோட்டில் எடுப்பதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். வலது குதிகாலில் மிதிக்கும் நியூட்ரல் ஃபைண்டர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எந்தக் கியரில் இருந்தும் ஒரே மிதியில் நியூட்ரல், இன்றைய வண்டிகளில் இல்லாத வசதி. முதலிலிருந்து மட்டும் வேலை செய்யாது.

பேப்பர்

ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தது. படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றினோம். அப்புறம் ஒரு பெரிய முடிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். 1972 வண்டிக்குத் தகுதி உண்டு, நண்பரும் முதலில் ஆசைப்பட்டார்.

ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்காக மட்டும்தான். தோப்புக்குப் போக அனுமதி இல்லை. ஒரிஜினலா, பயன்பாடா என்ற கேள்வியை சட்டமே இரண்டு கதவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நண்பர் சாதாரணப் பதிவிலேயே நின்றார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது, 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 2,000. ஓட்டுகிற பழைய வண்டிமேல் சுமை ஏறிக்கொண்டேதான் போகிறது, நல்ல நிலையில் வைத்திருப்பவருக்குச் சலுகை எதுவும் இல்லை. இது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

மழைக்காலம் முடிந்து முதல் வால்பாறைப் பயணம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே என்ஜினைப் பிடிக்கவிட்டு, முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வந்தார்கள். ஆழியாறில் நிறுத்தியபோது டிரம் சூடு, லீவரின் பிடி குறையவில்லை. அட்டகட்டிக்குப் பக்கத்தில் ஒருமுறை வண்டி நின்றுபோனது. காரணம் கண்டன்ஸர். டூல் பாக்ஸில் இருந்ததை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

தொல்லை தந்தது நாங்கள் மாற்றாமல் விட்ட ஒரு பாகம்தான். பெட்ரோல் டேப்புக்குள் இருக்கும் கார்க். எத்தனாலில் ஊறிச் சுருங்கி, ராத்திரியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. ஷெட்டில் பெட்ரோல் வாசம் வந்ததை அம்மாதான் முதலில் சொன்னார். டேப்பின் உடல் பித்தளை, பழையது, அப்படியே இருக்கிறது. உள்ளே கார்க்குக்குப் பதிலாக எத்தனால் தாங்கும் ரப்பர் வளையம் பொருத்த லேத்தில் கொடுத்திருக்கிறோம். பழைய கார்க் ஒரு சின்ன கவரில், சீட்டோடு, மரப்பெட்டிக்குள் போய்விட்டது.